பன்னிரண்டு இருக்கை, பதின்மூன்று பேர்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கட்டம்’ என்று பெயர். டிரைவர்கள் வைத்தது. யார் என்ன கேட்டாலும் “இருங்க, ஷீட்டைப் பாத்துச் சொல்றேன்” என்பாள். டீ குடிக்கலாமா என்று கேட்டால்கூட எக்செலைத் திறந்து கட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள் என்று ஒரு கேலி உண்டு. அவள் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். வேலை தெரிந்தவளுக்கு அந்த அளவு திமிர் இருக்கலாம்.

நிறுவனத்தின் வேலை ஒன்றே ஒன்று. சிறுநீரகம் செயலிழந்தவர்களை வாரத்துக்கு மூன்று முறை வேனில் ஏற்றி டயாலிசிஸ் மையத்தில் விட வேண்டும், ரத்தம் சுத்தமானதும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மையம் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், எந்தப் பேருந்தும் நிற்காத இடத்தில் இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கான கட்டடத்தை நடந்து போக முடியாத இடத்தில் கட்டியது எந்தப் புண்ணியவான் என்று தெரியவில்லை. வேனில் பன்னிரண்டு இருக்கை. திங்கள், புதன், வெள்ளிக்கு ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனிக்கு வேறு கூட்டம். ஒருமுறை பதிந்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது. ரத்து செய்தால் காத்திருப்போர் வரிசையின் வாலுக்குப் போய்விடுவீர்கள்; அந்த வரிசையில் இருக்கும்வரை கடன் வாங்கியாவது டாக்சியில்தான் போய்வர வேண்டும். அதனால் உடம்புக்கு முடியாமல் படுத்துக்கிடந்தாலும், மகன் காரில் கொண்டுபோய் விட்டாலும், யாரும் ரத்து செய்வதில்லை. பேசாமல் வராமல் இருந்துவிடுவார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் இவன்தான் கெட்டவன் என்று கைநீட்ட ஆள் தேடினால் கிடைக்காது.

“வெளியே அத்தனை பேர் ஒரு சீட்டுக்காகக் காத்துட்டிருக்காங்க. உள்ளே தினமும் ரெண்டு சீட் சும்மா போயிட்டு வருது. பாத்தா எனக்கு வயிறு எரியுதும்மா” என்றார் அவர். “கூட ஒரு ஆளைப் பதிஞ்சா என்ன ஆகும்னு உன் கட்டத்தைக் கேட்டுச் சொல்லு.”

அவள் கேட்டாள். டிரைவர் தினமும் கொண்டுவந்து கொடுக்கும் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஏறினார்’ அல்லது ‘ஏறவில்லை’ என்று ஒரு குறி இருக்கும். ஒரு வருடத் தாள்களைக் கூட்டிப் பார்த்ததில் ஐந்தில் ஒருவர் ஏறவில்லை. ஷீட்டில் ஒரு வரிசைக்குப் பதின்மூன்று கட்டம் போட்டாள். ஒரு வரிசை என்றால் ஒரு நாள் காலை. ஒவ்வொரு கட்டத்திலும் கணினி தானாக ஒரு எண்ணை உருட்டிப் போடும். எண் ஐந்தில் ஒன்றுக்குக் கீழே விழுந்தால் அந்த ஆள் அன்றைக்கு வரவில்லை. வந்தவர்களைக் கூட்டிப் பன்னிரண்டைத் தாண்டினால் ஒருவர் தெருவில் நிற்பார். அதை அப்படியே இழுத்து ஆயிரம் வரிசை ஆக்கினாள். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், புதிதாக ஆயிரம் காலைகள் விடியும். எத்தனை முறை தட்டினாலும் நூறு காலைக்கு ஐந்தோ ஆறோதான் ஒருவர் நின்றார். மற்ற நாட்களில் எல்லோருக்கும் இடம் இருந்தது.

மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப இன்னொரு உயிருக்கு இடம் இருக்கு” என்றார். அன்றே காத்திருப்போர் வரிசையில் முதலில் நின்ற பெண்ணுக்கு அவளையே போன் பண்ணச் சொன்னார். ரொட்டிக் கடையில் வேலை செய்யும் பெண், இரண்டு பிள்ளைகள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

இவள் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். அக்காவும் அந்த வேனில் திங்கள், புதன், வெள்ளி போகிறவள்தான். பெற்றவர்கள் போன பிறகு இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்; அக்கா வீட்டிலேயே திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பாள். கை வேலை செய்யும், வாய் அதைவிட வேகமாக வேலை செய்யும்.

“ஆயிரம் நாளையும் பாத்துட்டியா நீ?”

“பாத்துட்டேன்.”

“அதுல நான் எங்கடி இருக்கேன்?”

“பதிமூணாவது கட்டத்துல. உன் நிறுத்தம் கடைசிதானே.”

“எத்தனை நாள் வரலையாம் நான்?”

“ஒரு இருநூறு நாள்.”

“அடிப்பாவி. காய்ச்சலோடக்கூட போயிட்டு வந்தவ நான். யாருடி அந்த இருநூறு நாள் மட்டம் போட்டவ?”

“அது சராசரிக்கா. நீ இல்லை.”

“என் பேரை எழுதிட்டு என்னை இல்லைங்கறியே” என்று அக்கா சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமையே வேன் கிட்டத்தட்ட நிரம்பி வந்தது. கடைசி நிறுத்தம் மேம்பாலத்துக்குக் கீழே, டயர் கடை வாசலில். அங்கே இரண்டு பேர்தான் ஏறுவார்கள்: அக்காவும், வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் வராத ஒரு பெரியவரும். வேனில் ஓர் இடம்தான் இருந்தது. கால் வீங்கிய அக்கா எழுந்து நிற்பதற்குள் குடைக்காரர் ஏறிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. கதவு திறந்தால் யாரும் ஏறத்தான் செய்வார்கள்.

“அக்கா, நான் என்ன பண்ணட்டும்? மடியில உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போக முடியுமா?” என்றார் டிரைவர்.

அக்கா போன் செய்ததும் இவள் பாதி வழியிலிருந்து ஓடி வந்தாள். நெடுஞ்சாலைக்குப் போனால் திரும்பச் சவாரி கிடைக்காது என்று இரண்டு டாக்சிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் வந்தார். மையத்தில் போய் நிற்பதற்குள் அக்காவுக்கான மிஷின் நேரம் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. அடுத்த ஆள் வெளியே காத்திருந்ததால் மீதி நேரம்தான் கிடைத்தது.

நூற்றில் ஐந்து, அது முதல் நாளே வந்து தொலைத்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். புதன்கிழமை இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று இருக்கை காலி. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அக்கா டயர் கடை வாசலில் நின்றாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீர் வெளியேறாது, உடம்பிலேயே சேரும். வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை கால் தூண் மாதிரி ஆகிவிடும், படுத்தால் மூச்சு முட்டும். வெள்ளிக்கிழமை ‘இன்னைக்கு முடியலை, விட்டுடலாம்’ என்று நினைப்பவன்கூடத் திங்கட்கிழமை தவழ்ந்தாவது வந்துவிடுவான். இது அவளுக்குத் தெரியாததா? ஞாயிறுதோறும் அக்காவின் முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை அடுக்கி உட்கார வைப்பதே அவள்தான். வீட்டில் தெரிந்தது வீட்டோடு நின்றுவிட்டது, அலுவலகத்துக்கு வரவில்லை. எல்லா நாட்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி ஐந்தில் ஒன்று என்று எடுத்திருந்தாள். அவள் விடியவைத்த ஆயிரம் காலைகளில் ஒன்றுகூடத் திங்கட்கிழமை இல்லை.

பழைய தாள்களை எடுத்துக் கிழமைவாரியாகப் பிரித்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் தெரிந்தது. புதிய தாள்களையும் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அக்கா தெருவில் விடப்பட்ட இரண்டு திங்கட்கிழமையும் அக்கா பெயருக்கு எதிரே ‘ஏறவில்லை’ என்று குறி இருந்தது. டிரைவரைக் கேட்டாள்.

“ஏறலைதானே? ரெண்டு கட்டம்தான் இருக்கு. வேற எங்கே போடறது?” என்றார்.

அவருக்கு அது சரிதான். ஷீட்டுக்கோ அது வேறு. இடமில்லாமல் விடப்பட்டவளும் சோம்பலில் வராதவளும் அதற்கு ஒன்றுதான். எத்தனை பேரைத் தெருவில் விடுகிறார்களோ அத்தனை பேர் ‘வராதவர்கள்’ ஆகிறார்கள். வராதவர்கள் கூடினால் இன்னும் ஒருவரைப் பதியலாம் என்று அது சொல்லும்.

நேராக மேனேஜரிடம் போனாள். அவர் முழுதாகக் கேட்டார். குறுக்கே பேசவே இல்லை.

“திங்கக்கிழமைக்கு மட்டும் பன்னெண்டு பேரா வெச்சுக்கலாம் சார்.”

“எப்படி? டயாலிசிஸ் வாரத்துக்கு மூணு தடவை. ஒருத்தரை ரெண்டு நாளைக்கு மட்டும் பதிஞ்சுட்டு, திங்கக்கிழமை நீயே பாத்துக்கோன்னு சொல்றதா?”

“அப்ப வழியை மாத்தலாம். வண்டி ஒரு வாரம் அந்தப் பக்கத்துலேர்ந்து கிளம்பட்டும்.”

“மாத்தலாம். ஆனா கடைசி நிறுத்தம்னு ஒண்ணு எந்தப் பக்கம் போனாலும் இருக்குமேம்மா.”

“தாள்ல ‘இடமில்லை’ன்னு மூணாவதா ஒரு கட்டமாவது போடலாம் சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “போட்டா அதுல ஒரு எண் வரும். எண் வந்தா மேல யாராவது கேப்பாங்க. ஒரு நோயாளியைக்கூட விட்டுட்டுப் போக மாட்டோம்னு எழுதிக் கொடுத்துதான் வண்டி ஓட்டற ஒப்பந்தத்தையே வாங்கியிருக்கோம். ஒப்பந்தம் போச்சுன்னா பதிமூணு பேருமே தெருவுலதான்.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“உன் அக்கா விஷயம் எனக்குத் தெரியும்மா. ஒண்ணு பண்ணு. அந்த ரொட்டிக் கடைப் பொண்ணுக்கு உனக்கு இடமில்லைன்னு போன் பண்ணிச் சொல்லிடு. நான் கையெழுத்துப் போடறேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். போன் பண்ணவில்லை. நீங்களோ நானோ பண்ணியிருப்போமா என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை அக்காவை ஆட்டோவில் ஏற்றி, ஊரின் மறுகோடியில் இருந்த முதல் நிறுத்தத்துக்கே கூட்டிப் போனாள். வேனில் முதல் ஆளாக அக்கா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிரச்சினை தீர்ந்தது என்று அலுவலகம் போய் அன்று முழுக்கத் தெம்பாக இருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது அக்கா தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“குடைக்காரர் நின்னார்டி” என்றாள்.

“எங்கே?”

“டயர் கடை வாசல்ல. வண்டி நின்னுச்சு, டிரைவர் இறங்கிப் போய் அவர்கிட்ட ஏதோ சொன்னார். அவர் எட்டி எட்டி உள்ளே பாத்தார். என்னைப் பாத்ததும் கையைத் தூக்கினார். நான் எப்பவும் அவரோட நிக்கற ஆளு, இன்னைக்கு முன்னாடியே உள்ளே உக்காந்திருக்கேன். அவருக்குப் புரிஞ்சுது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.”

“நீ என்னக்கா பண்ணுவே?”

“ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா இன்னொரு தடவை அப்படி உக்கார என்னால முடியாது. சும்மா சொல்லலை.”

சொன்னபடியே இருந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை டயர் கடை வாசலுக்கே போனாள். குடைக்காரர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று டயர் கடைக்காரர் சொன்னார். அதனால் அன்று அக்காவுக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, போகாமல் இருக்கவும் தெரியவில்லை. போய்விட்டு வந்தாள். குடைக்காரர் அந்த வாரம் முழுக்க ‘ஏறவில்லை’.

மாதக் கடைசியில் ஷீட்டில் புது எண்களை ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்றையும் தாண்டியிருந்தது. விடப்பட்டவர்கள், விடப்பட்டதால் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், இனி இதை நம்பி நிற்க முடியாது என்று வேறு வண்டி தேடிக்கொண்டு ரத்து மட்டும் செய்யாதவர்கள் எல்லோரும் அந்த எண்ணுக்குள் இருந்தார்கள். அவள் பழைய எண்ணையே திரும்ப அடித்து வைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கில் பொய் எழுதினாள். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

“எண் பழசா இருக்கேம்மா. தலைமை அலுவலகத்துல தாளையெல்லாம் அவங்களே ஏத்திட்டாங்க. உன் ஷீட்டை எல்லா ஊர் வண்டிக்கும் அனுப்பியிருக்கேன். ரொம்ப நல்லா இருக்குன்னாங்க.” கொஞ்சம் தயங்கினார். “நமக்குப் பதினாலு வரைக்கும் போகலாம்னு வந்திருக்கு.”

அவள் ஷீட்டில் உள்ள தப்பைச் சொல்லி மேலே ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். கிழமைவாரியாகப் படம் போட்டு, ஒரு குழந்தைக்கும் விளங்கும்படி எழுதினாள். நல்ல யோசனை, அடுத்த ஆண்டுப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பதினான்காவது ஆள் சேர்ந்த பிறகு திங்கட்கிழமைகளில் டயர் கடை வாசலில் வேன் நிற்பதே வெறும் மரியாதைக்கு என்றானது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை தன் காரில் கொண்டுபோய் விட்டார். மூன்றாம் முறை கேட்கப் போனபோது அவர் மனைவி கதவைத் திறந்த விதத்திலேயே பதில் இருந்தது. இவள் விடுப்பு எடுத்து டாக்சி தேடி அலைந்தாள். ஒரு திங்கட்கிழமை எதுவுமே கிடைக்காமல், புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். செவ்வாய் ராத்திரி ஆம்புலன்ஸில் போய், நான்கு நாள் கழித்து அக்கா பாதி ஆளாகத் திரும்பி வந்தாள்.

வந்ததும் சொன்னாள். “நான் இனிமே போகலைடி.”

“பைத்தியமா உனக்கு?”

“கேளு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாளைக்கு இடம் இருக்குமா இருக்குமான்னு நெஞ்சு அடிச்சுக்குது. யாராவது வராம இருக்கணும்னு வேண்டிக்கறேன். வராம இருக்கறதுன்னா என்ன? ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கணும், இல்லை செத்துப்போகணும். இதை வேண்டிக்கிட்டு நான் எதுக்குடி உயிரோட இருக்கணும்?”

இவள் கெஞ்சினாள், திட்டினாள். வேலையை விட்டுவிடுகிறேன், இந்த வீட்டைக் காலி செய்து மையத்துக்குப் பக்கத்தில் போவோம் என்றாள்.

“பக்கத்துல என்ன இருக்கு? நெடுஞ்சாலைதான் இருக்கு. ரோட்டுல படுத்துக்கறதா?” என்று அக்கா பழைய குரலில் கேட்டாள். பிறகு தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த ரொட்டிக் கடைப் பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. போகும்போது பூரா பிள்ளைங்களைப் பத்தியே பேசுவா. அவளை மட்டும் எடுத்துடாதே.”

பத்து நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை.

மேனேஜர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்றார். வாசலில் செருப்பைத் தேடியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அவள் அதையும் பார்த்தாள். பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், செய்ய வேண்டிய முதல் வேலை பட்டியலைச் சரிசெய்வது. அக்காவின் பெயர் இன்னும் அதில் இருந்தது. எடுக்காமல் விட்டால் வாரம் மூன்று முறை ‘ஏறவில்லை’ என்று குறி விழும், எண் இன்னும் ஏறும், பதினைந்தாவது ஆளைப் பதியச் சொல்வார்கள். எடுத்தால் அந்த இடத்துக்கு இன்றைக்கே வேறொருவரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் யோசித்துப் பார்த்தாள். எடுத்தாள்.

காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்தவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். வீடு மேம்பாலத்துக்குப் பக்கத்தில்தான். போனை அவரே எடுத்தார். இடம் கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல், என்னவோ கேட்டது. அவர் திரும்ப வந்தார்.

“எங்கேம்மா நிக்கணும்?”

“மேம்பாலத்துக்குக் கீழே, டயர் கடை வாசல்ல. கடைசி நிறுத்தம்.”

“எப்போலேர்ந்து?”

“திங்கக்கிழமைலேர்ந்து.”

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. முதல் நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள் என்றா? அப்படியானால் வேறு யார் நிற்பார்கள்? இடம் இருக்காது என்றா? பிறகு எதற்கு இந்தப் போன்? அவள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அவர் பேசினார்.

“எட்டு மாசமா காத்துட்டிருக்கோம்மா. எங்க வீட்டம்மா அழுதுட்டிருக்கா, சந்தோஷத்துல. நான் லேட் பண்ணிடுவேனோன்னு நீங்க கவலையே படாதீங்க. திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி முதல் ஆளா நான்தான் நிப்பேன்.”

“சரிங்க” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.